கோப்பு எந்த மேஜையில் கிடக்கிறது? வட அயர்லாந்து உரிமைச் சாசனத்தைத் துரத்திப் பார்ப்பது எப்படி

நான் வருவாய்த் துறையில் 34 வருஷம் இருந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். ஊர் அம்பாசமுத்திரம். வேலையில் சேர்ந்த முதல் வாரம் எங்கள் தலைமை எழுத்தர் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். மனு கொடுத்தவர் வந்து நின்றால் “நடந்துக்கிட்டு இருக்கு” என்று சொல்லாதே. எந்த மேஜையில் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று சொல். அதற்குத்தான் தன்பதிவேடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்.

2020 ஜனவரியில் பேரனைப் பார்க்கப் பெல்ஃபாஸ்டுக்குப் போனேன். பிரிட்டன் ஆட்சிக்குள் உள்ள வட அயர்லாந்தின் தலைநகர் அது. மகள் அங்கே நர்ஸ். மூன்று மாதத்தில் திரும்ப வேண்டியவன் கொரோனாவில் மாட்டிக்கொண்டு டிசம்பர் வரை இருந்தேன். நவம்பரில் ஒருநாள் காலை இரவுப் பணி முடித்து வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் ஃபோனை நீட்டினாள். “அப்பா, உரிமைச் சாசனத்துக்குக் கருத்து அனுப்பச் சொல்லி சங்கத்துல இருந்து வந்திருக்கு. 1998லயே பேசின விஷயமாம். இருபத்திரண்டு வருஷமா எங்கேப்பா நிக்குது?”

வட அயர்லாந்து மக்களுக்கென்று கூடுதல் உரிமைகளை எழுதிவைக்க நினைத்த, இன்னும் வராத சட்டம்தான் இந்த உரிமைச் சாசனம். எங்கே நிற்கிறது என்று கேட்டுவிட்டால் என்னைப் போன்ற ஆளுக்குச் சோறு இறங்காது. பேரனுடைய டயாப்பர் பெட்டி அட்டையைக் கிழித்து, அதில் கட்டம் போட்டு ஒரு தன்பதிவேடு ஆரம்பித்தேன். அப்புறம் 2024இல் போனபோது அதை ஒரு நல்ல நோட்டில் எடுத்து எழுதினேன். அந்த வழிமுறையைத்தான் இங்கே தருகிறேன். பெல்ஃபாஸ்டில் இருக்கும் நம் ஆட்களுக்கு நேரடியாக உதவும். மற்றவர்களுக்கு, நாலைந்து கட்சி சேர்ந்து ஆளும் இடத்தில் ஒரு முடிவு எப்படி யாருமே ‘இல்லை’ என்று சொல்லாமல் நின்றுபோகிறது என்று பார்க்க உதவும்.

முதல் தாளிலிருந்து தொடங்குங்கள்

செய்திகளிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். செய்தியில் ஒவ்வொரு கட்சியும் சொல்வது மட்டும்தான் இருக்கும். கோப்பின் முதல் தாளை எடுங்கள். இந்தக் கோப்புக்கு முதல் தாள் 1998 ஏப்ரல் 10ஆம் தேதி கையெழுத்தான பெல்ஃபாஸ்ட் ஒப்பந்தம். அன்று புனித வெள்ளி என்பதால் புனித வெள்ளி ஒப்பந்தம் என்றும் சொல்வார்கள். பிரிட்டனோடு இருக்க நினைப்பவர்களுக்கும் அயர்லாந்தோடு சேர நினைப்பவர்களுக்கும் நடந்த முப்பது வருஷச் சண்டைக்குப் பிறகு வந்தது. மே 22இல் மக்களிடம் வாக்கெடுப்பு வைத்து, வட அயர்லாந்தில் 71 சதவீதம் பேர் சரி என்றார்கள்.

அதில் உரிமைகள் பற்றிய பகுதியில் நான்காம் பத்தியைக் கையால் எழுதிக்கொள்ளுங்கள். கண்ணால் படித்தால் தவறிப்போகும் சொல் கையால் எழுதினால் தவறாது. சாரம் இதுதான்: புதிதாக அமையும் மனித உரிமை ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்கும். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் உள்ளவற்றுக்கு மேலாக, வட அயர்லாந்தின் தனிப்பட்ட சூழலுக்கு ஏற்ற கூடுதல் உரிமைகளை வெஸ்ட்மின்ஸ்டர் (லண்டன் நாடாளுமன்ற) சட்டத்தில் வரையறுக்க என்ன வாய்ப்பு இருக்கிறது என்று ஆலோசனை சொல்லும். உடன்படிக்கையும் இந்தக் கூடுதல் உரிமைகளும் சேர்ந்து வட அயர்லாந்தின் உரிமைச் சாசனம் ஆகும்.

எழுதிய பிறகு மூன்று இடத்தில் கோடு போடுங்கள். வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் என்ற சொல் முதலாவது. அதாவது கடைசிக் கையெழுத்து லண்டனில். பெல்ஃபாஸ்ட் சட்டமன்றத்தில் இல்லை. இதைக் கவனிக்காமல் நான் போட்ட முதல் கடிதமே தப்பான மேஜைக்குப் போனது. இது எங்கள் கையில் இல்லை என்று பதில் வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது, 34 வருஷம் அடுத்தவர் மனுவை ‘உரிய அலுவலகத்துக்கு அனுப்புக’ என்று திருப்பியவன் அல்லவா நான். இரண்டாவது கோடு, ஆலோசனை என்ற சொல்லில். சட்டம் கொண்டுவருவோம் என்று அங்கே யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, காலக்கெடுவும் கிடையாது. மூன்றாவது கோட்டை வெற்றிடத்தில் போடுங்கள். எல்லாக் கட்சிகளும் ஒத்துக்கொண்டால்தான் சட்டம் என்று அந்தப் பத்தியில் எங்கேயும் இல்லை. இந்த வெற்றிடத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் திரும்ப வர வேண்டியிருக்கும்.

பதிவேட்டை எழுதுங்கள்

தேதி, வந்த இடம், போன இடம், கிடந்த காலம் என்று நான்கு கட்டம் போதும். என் நோட்டில் இருப்பதைத் தருகிறேன்.

1999இல் மனித உரிமை ஆணையம் வேலையைத் தொடங்கியது. 2001 செப்டம்பரில் முதல் வரைவை மக்கள் கருத்துக்கு விட்டது. 2002 அக்டோபரில் கூட்டணி ஆட்சி நின்றுபோய் 2007 மே வரை லண்டனே நேரடியாக ஆண்டது. இடையில் 2006 அக்டோபரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஒப்பந்தம். அதன்படி கட்சிகளும் தொழிற்சங்கம், தேவாலயம், பெண்கள் அமைப்பு போன்றவர்களும் சேர்ந்து உட்கார ஒரு மன்றம் வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து கிறிஸ் சிடோட்டி என்பவரைத் தலைவராக அழைத்தார்கள். 2008 மார்ச் கடைசியில் அறிக்கை கொடுத்தார்கள். பல இடத்தில் ஒருமித்த முடிவு இல்லை. எந்த யோசனைக்கு யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று எழுதிவைத்துக் கலைந்தார்கள்.

அதே வருஷம் டிசம்பர் 10ஆம் தேதி, மனித உரிமை நாளன்று, ஆணையம் தன் ஆலோசனையை லண்டன் அமைச்சர் ஷான் உட்வர்டிடம் கொடுத்தது. சுகாதாரம், வாழ்க்கைத் தரம், வேலை, மொழி, அடையாளம் எல்லாம் அதில் இருந்தன. ஆணையர்களில் இருவர் உடன்படவில்லை. இந்தத் தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு குறிப்பையும் எழுதுங்கள்: 2008 ஜூனிலிருந்து நவம்பர் வரை பெல்ஃபாஸ்ட் அமைச்சரவை ஒரு கூட்டம்கூடப் போடவில்லை. காவல், நீதித் துறைகளை லண்டனிடமிருந்து எப்போது வாங்குவது என்பதில் இரு பெரிய கட்சிகளுக்கும் தகராறு. ஆட்சி கவிழவும் இல்லை, கூடவும் இல்லை. ஐந்து மாதம்! நம் ஊரில் ஜமாபந்தியைக்கூட அப்படித் தள்ளிப்போட முடியாது.

2009 நவம்பரில் லண்டன் அலுவலகம் தன் பதிலை வெளியிட்டது. ஆணையம் கேட்ட பலவும் வட அயர்லாந்துக்கு மட்டும் உரியவை அல்ல, நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்க்க வேண்டியவை என்பது அதன் போக்கு. அடுத்த வருஷம் லண்டனில் ஆட்சி மாறியது. கட்சிகளுக்குள் ஒருமித்த கருத்து இல்லை என்ற காரணத்தோடு கோப்பு அலமாரிக்குப் போனது. அங்கே கிட்டத்தட்ட பத்து வருஷம்.

2017இலிருந்து மூன்று வருஷம் பெல்ஃபாஸ்ட் ஆட்சி மறுபடி முடக்கம். 2020 ஜனவரியில் ஒரு புது ஒப்பந்தத்தோடு திறந்தார்கள், நான் போய் இறங்கிய அதே மாதம். அந்த ஒப்பந்தத்தில் உரிமைச் சாசனத்துக்கு என்று சட்டமன்றத்தில் தனிக்குழு ஒன்று அமைப்பதாக இருந்தது. அயர்லாந்தோடு சேர நினைக்கும் ஷின் ஃபேன் கட்சியின் எம்மா ஷீரின் தலைவர், பிரிட்டனோடு இருக்க நினைக்கும் யூ.யூ.பி. கட்சியின் மைக் நெஸ்பிட் துணைத் தலைவர். மகளுக்கு வந்த மின்னஞ்சல் இந்தக் குழுவுக்கானதுதான். 2022 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. சாசனம் வேண்டும் என்பதில் மற்ற நான்கு கட்சிகளும் கொள்கை அளவில் ஒரு பக்கம், பிரிட்டனோடு இருக்க நினைப்பவர்களின் பெரிய கட்சியான டி.யூ.பி. மறுபக்கம். அறிக்கை வந்த அந்த மாதம் 3ஆம் தேதியே டி.யூ.பி.யைச் சேர்ந்த முதல் அமைச்சர் பால் கிவன் ராஜினாமா செய்திருந்தார். இரண்டு வருஷம் மறுபடி பூட்டு. 2024 பிப்ரவரி 3இல் திறந்தது.

இவ்வளவையும் எழுதி முடித்துக் கூட்டிப் பாருங்கள். 1999 டிசம்பரில் முதல் கூட்டணி அரசு வந்ததிலிருந்து 2024 பிப்ரவரி வரை, பெரிய முடக்கங்கள் மூன்றை மட்டும் எடுத்தாலே ஒன்பதரை வருஷம் ஆட்சி இல்லாத வருஷம். ‘ஏன் இருபத்தைந்து வருஷம்’ என்ற கேள்வியில் ஒரு பெரிய துண்டு அங்கேயே போய்விடும்.

ஒரே பெயரில் உள்ள கோப்புகளைப் பிரியுங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் நான் ஒரு வாரம் வீணடித்தேன். பிரிட்டிஷ் உரிமைச் சாசனம் என்று தேடினால் வேறு இரண்டு கோப்புகள் மேலே வந்து விழும். ஒன்று, கன்சர்வேட்டிவ் - லிபரல் டெமாக்ரட் கூட்டணி 2011இல் போட்ட ஆணையம். கூட்டணிக்குள்ளேயே ஒத்துவராத விஷயத்தை ஆணையத்திடம் தள்ளினார்கள். 2012 டிசம்பரில் அதுவும் ஏழுக்கு இரண்டு என்று பிரிந்து அறிக்கை கொடுத்தது. இன்னொன்று, டொமினிக் ராப் 2022 ஜூனில் கொண்டுவந்து, 2023 ஜூனில் கைவிடப்பட்ட மசோதா. அது இருக்கிற மனித உரிமைச் சட்டத்தை நீக்கிவிட்டு வேறு வைப்பதற்கு. நம் கோப்பு இருப்பதற்கு மேலே சேர்ப்பதற்கு. இரண்டும் எதிர்த் திசை. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

நாற்காலிகளை எண்ணுங்கள்

இங்கே கூட்டணி என்றால் தேர்தலுக்குப் பிறகு பேரம் பேசிச் சேர்வது அல்ல. சட்டமே சேர்த்து உட்காரவைக்கிறது. சட்டமன்றத்தில் 90 பேர், 18 தொகுதி, தொகுதிக்கு ஐவர். உள்ளே வந்ததும் ஒவ்வொருவரும் பதிவேட்டில் எழுத வேண்டும்: யூனியனிஸ்ட், நேஷனலிஸ்ட், மற்றவர். பிரிட்டனோடு இருக்க நினைப்பவர், அயர்லாந்தோடு சேர நினைப்பவர், இரண்டிலும் பெயர் கொடுக்காதவர். முதல் அமைச்சரும் துணை முதல் அமைச்சரும் ஆளுக்கொரு பக்கம். பெயரில்தான் துணை, அதிகாரம் இருவருக்கும் சமம். ஒருவர் ராஜினாமா செய்தால் இன்னொருவர் நாற்காலியும் போய்விடும்.

மற்ற அமைச்சர் பதவிகளை டோண்ட் முறையில் பிரிப்பார்கள். அதைச் சமையலறை மேஜையிலேயே போட்டுப் பார்க்கலாம். கட்சியின் இடங்களை, கிடைத்த பதவியோடு ஒன்றைக் கூட்டி வகுக்க வேண்டும். எந்த எண் பெரிதோ அதற்கு அடுத்த பதவி. 2022 தேர்தலில் நேஷனலிஸ்ட் பக்கம் ஷின் ஃபேன் 27, எஸ்.டி.எல்.பி. 8; யூனியனிஸ்ட் பக்கம் டி.யூ.பி. 25, யூ.யூ.பி. 9; ‘மற்றவர்’ என்று பதிந்த அலையன்ஸ் 17. நீதித் துறைக்கு மட்டும் தனி ஓட்டு. அது அலையன்ஸுக்குப் போனது. ஆகவே அவர்களுடைய 17ஐ ஆரம்பத்திலேயே இரண்டால் வகுக்க வேண்டும்: 8.5. இப்போது மீதி ஏழு பதவியைப் போடுங்கள். 27, 25, 13.5, 12.5, இரண்டு 9, அப்புறம் 8.5. அடுத்து வரிசையில் நிற்பது டி.யூ.பி.யின் 8.33, எஸ்.டி.எல்.பி.யின் 8. அரைப் புள்ளியில் எஸ்.டி.எல்.பி. வெளியே போய் எதிர்க்கட்சி ஆனது. மாப்பிள்ளைக்கு நான் இதைப் போட்டுக் காட்டியபோது, பத்து வருஷம் அங்கே இருப்பவர், “இது இவ்வளவுதானா மாமா?” என்றார்.

ஆக மொத்தம் பத்து நாற்காலி. ஷின் ஃபேன் நான்கு, டி.யூ.பி. மூன்று, அலையன்ஸ் இரண்டு, யூ.யூ.பி. ஒன்று. இந்த ‘மூன்று’ என்ற எண்ணை வட்டம் போட்டு வையுங்கள்.

பூட்டுகளைத் தேடுங்கள்

இதுதான் இந்த வழிமுறையின் நடுப்பகுதி. நின்றுபோன எந்த முடிவையும் எடுத்து, எந்தப் பூட்டில் மாட்டியது என்று கேளுங்கள். பூட்டுகள் நான்கைந்துதான்.

முதல் பூட்டு, நிகழ்ச்சி நிரல். முக்கியமான, சர்ச்சைக்குரிய, பல துறை தொடர்புள்ள விஷயங்களை எந்த அமைச்சரும் தனியாக முடிக்கக் கூடாது. அமைச்சரவைக்குக் கொண்டுவர வேண்டும். சரி, கொண்டுவரலாம் என்றால், கூட்டத்தின் நிரலுக்கு முதல்வர்கள் இருவரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் பேசாமல் இருந்தால் போதும், தாள் நிரலில் ஏறாது. ஏறாத தாளுக்கு மறுப்பு என்று ஒரு பதிவும் இருக்காது. எங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய பேஷ்கார் இருந்தார். பிடிக்காத கோப்பை அவர் ஒருநாளும் திருப்ப மாட்டார், அடியில் வைப்பார். அந்த ஞாபகம்தான் வந்தது.

இரண்டாவது, மூன்று அமைச்சர் பூட்டு. அமைச்சரவையில் ஓட்டு என்று வந்தால், எந்த மூன்று பேர் கேட்டாலும் அது இரு தரப்பு வாக்கெடுப்பாக மாற வேண்டும். அதாவது பெரும்பான்மை மட்டும் போதாது. யூனியனிஸ்ட் பக்கத்திலும் நேஷனலிஸ்ட் பக்கத்திலும் போதிய ஆதரவு வேண்டும். இதை நான் வீட்டில் அடைந்துகிடந்தபடியே பார்த்தேன். 2020 நவம்பரில் கொரோனா கட்டுப்பாட்டை நீட்டிக்கச் சுகாதார அமைச்சர் ராபின் ஸ்வான் கேட்டார். டி.யூ.பி. அமைச்சர்கள் இரு தரப்பு வாக்கெடுப்பு கேட்டார்கள். முன்மொழிவு விழுந்தது. நாலு நாள் இழுத்துப் பேசி, கடைசியில் ஒரு வார நீட்டிப்பில் வந்து நின்றது. ஆஸ்பத்திரியில் படுக்கை நிரம்பிக்கொண்டிருந்த நாள்கள் அவை. மகள் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.

மூன்றாவது, சட்டமன்றத்தில் ‘கவலை மனு’. பெயரே அப்படித்தான். 30 உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டால், சாதாரணத் தீர்மானமும் இரு தரப்பு வாக்கெடுப்பாகிவிடும். 2015 நவம்பரில் ஒருபாலினத் திருமணத் தீர்மானத்துக்கு 53 பேர் ஆதரவு, எதிர்த்தவர்களைவிட அதிகம். ஆனாலும் இந்த மனுவால் தோற்றது. 2022இல் விதியைத் திருத்தி, ஒரே கட்சியின் 30 பேர் போதாது, குறைந்தது இரண்டு கட்சி வேண்டும் என்று ஆக்கினார்கள். ஆகவே பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது தேதியைப் பாருங்கள்.

இரு தரப்பு வாக்கெடுப்பு என்று வந்துவிட்டால் ‘மற்றவர்’ என்று பதிந்தவர்களின் ஓட்டு மொத்தக் கணக்கில் மட்டும் சேரும், தரப்புக் கணக்கில் சேராது. அலையன்ஸுக்கு 17 பேர் இருக்கலாம், பூட்டைத் திறக்க அவர்கள் கையில் சாவி இல்லை. என் மகளைப் போல இந்த இரு தரப்பிலும் சேராத ஒரு வீட்டுக்கு இது கொஞ்சம் உறுத்தும் விஷயம்.

நான்காவது, கூட்டு நியமனம். உரிமைச் சாசனக் கோப்பு 2020இல் மாட்டியது இதில்தான். தனிக்குழுவுக்கு உதவ ஐந்து நிபுணர்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அவர்களை நியமிக்க வேண்டியது முதல்வர்கள் இருவரும் சேர்ந்து. நியமனம் நடக்கவே இல்லை. குழு காத்திருந்து, நிபுணர்கள் இல்லாமலே அறிக்கையை முடித்தது. சட்டமன்றத்தில் தோற்கவில்லை, அமைச்சரவையில் தோற்கவில்லை, நீதிமன்றம் தடுக்கவில்லை. ஐந்து பெயர் உள்ள ஒரு தாளில் இரண்டு கையெழுத்துச் சேரவில்லை, அவ்வளவுதான்.

கடைசிப் பூட்டு லண்டனில். இங்கேதான் அந்த வெற்றிடத்துக்குத் திரும்ப வேண்டும். வட அயர்லாந்துக் கட்சிகள் ஒத்துவரட்டும், அப்புறம் சட்டம் கொண்டுவரலாம் என்கிறது லண்டன். சட்டம் கொண்டுவரும் அதிகாரம் லண்டனிடம், நாங்கள் ஆலோசனைதான் சொல்ல முடியும் என்கிறது பெல்ஃபாஸ்ட். இரண்டு மேஜையும் ஒன்றையொன்று கைகாட்டுகின்றன. எங்கள் பாஷையில், இசைவு கேட்டு அனுப்பிய கோப்பு, ‘உங்கள் இசைவு கிடைத்தபின் அனுப்பவும்’ என்று திரும்பி வந்த கதை.

ஒருமித்த கருத்து இல்லாமல் லண்டன் எதுவுமே செய்யாது என்று நினைத்துவிடாதீர்கள். 2019இல் பெல்ஃபாஸ்டில் ஆட்சி இல்லாத நேரத்தில், திருமணச் சட்டத்தையும் கருக்கலைப்புச் சட்டத்தையும் வெஸ்ட்மின்ஸ்டரே மாற்றியது. 2022 டிசம்பரில் ஐரிஷ் மொழிக்கும் அல்ஸ்டர் ஸ்காட்ஸ் மரபுக்கும் ஆன சட்டத்தையும் அதுவே நிறைவேற்றியது, பெல்ஃபாஸ்டில் முடியாமல் போனதால். ஆகவே ‘எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும்’ என்பதை யாராவது விதி என்று சொன்னால், அது விதி இல்லை, லண்டன் தேர்ந்துகொண்ட நிலைப்பாடு என்று ஓரத்தில் எழுதிவையுங்கள். டி.யூ.பி. பக்க வாதத்தையும் நியாயமாக எழுதுங்கள்: இப்படிப்பட்ட உரிமைகளை விரிவாக எழுதிவிட்டால், மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் எடுக்க வேண்டிய செலவு முடிவுகள் நீதிபதிகள் கைக்குப் போய்விடும் என்பது அவர்களும் மற்றவர்களும் வைக்கும் கவலை. வெறும் முரண்டு என்று தள்ளிவிட முடியாது. வரிசையில் நிற்கும் நோயாளிக்கு முன்னால் அந்த வாதம் எவ்வளவு நிற்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, அது வேறு.

பதில்களைப் படிக்கும் விதம்

சட்டமன்ற உறுப்பினர்கள் அமைச்சர்களிடம் எழுத்தில் கேட்கும் கேள்விகளும் பதில்களும் சட்டமன்ற இணையதளத்தில் கிடக்கின்றன. விவாதங்களின் முழுப் பதிவும் இருக்கிறது. உரிமைச் சாசனம் என்று தேடி, பதில்களைத் தேதிவாரியாக அடுக்குங்கள். பதிலில் வினைச்சொல்லை மட்டும் பாருங்கள். ‘பரிசீலிக்கிறோம்’ என்றால் யார் பரிசீலிக்கிறார்கள்? ‘உரிய நேரத்தில்’ என்றால் தேதி இல்லை. ‘ஒப்பந்தத்தில் உள்ளபடி’ என்று வெறுமனே பழையதைத் திரும்பச் சொன்னால், இரு அலுவலகமும் சேர்ந்து ஒத்துக்கொண்ட வாசகம் அது ஒன்றுதான் என்று அர்த்தம். கூட்டுப் பதிலில் வாக்கியம் எவ்வளவு குறுகுகிறதோ, உள்ளே அவ்வளவு தகராறு. இது என் அனுபவம். நம் ஊர் செயல்முறை ஆணைகளுக்கும் பொருந்தும்.

பதிலில் இல்லாத ஆவணம் வேண்டுமானால் தகவல் சுதந்திரச் சட்டப்படி கேட்கலாம். 20 வேலை நாளில் பதில் தர வேண்டும். நம் தகவல் உரிமைச் சட்டத்தைப் போல பத்து ரூபாய் வில்லைகூட ஒட்ட வேண்டாம், மின்னஞ்சல் போதும். ஆனால் ‘சாசனம் பற்றிய எல்லாம்’ என்று கேட்காதீர்கள். எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் நடுவே, எந்த நியமனம் தொடர்பாக, எந்த அலுவலகத்துக்கு எத்தனை முறை நினைவூட்டுப் போனது என்று கேளுங்கள்.

உங்கள் தாளை எழுதும் விதம்

குழுவுக்கு அனுப்பிய கருத்துத் தாளிலும் உறுப்பினர்களுக்குப் போட்ட கடிதங்களிலும் கையெழுத்து மகளுடையது, வரைவு என்னுடையது. இதிலும் பழக்கம் மாறவில்லை.

ஒரு பக்கம்தான். ஒரு உரிமை, ஒரு சம்பவம், ஒரு கேள்வி. சுகாதாரம் பற்றித்தான் எழுதுவாள் என்று நினைத்தேன். அவள் வேறு ஒன்று சொன்னாள். எங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டி, யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு மருத்துவச் சந்திப்புக்குப் போனபோது மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. பன்னிரண்டு வயதுப் பேரனை நடுவில் வைத்துப் பேசினார்கள். பாட்டிக்குப் பேரனிடம் சொல்ல முடியாத உபாதை. “தலைச்சுத்து மட்டும்தான் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன் பிள்ளை” என்றாராம். அதை எழுதினோம். இடத்தின் பெயர் போடவில்லை. தனக்குப் புரியும் மொழியில் தன் உடம்பைப் பற்றிக் கேட்கவும் சொல்லவும் உள்ள உரிமை என்று தலைப்பு வைத்தோம்.

பெரிய சொற்களை வெட்டுங்கள். மனித மாண்பு, சமத்துவம் எல்லாம் அவர்களுக்கு வரும் எல்லாத் தாளிலும் இருக்கும். வரைவில் நான் ‘மாண்புமிகு’ என்று நாலு இடத்தில் போட்டிருந்தேன். மகள் நான்கையும் அடித்தாள்.

கேள்வி, பெறுபவரின் கையில் உள்ளதாக இருக்க வேண்டும். தொகுதி உறுப்பினருக்கு ‘சட்டம் கொண்டுவாருங்கள்’ என்று எழுதுவது வீண். ‘நிபுணர் நியமனம் ஏன் நடக்கவில்லை என்று எழுத்துக் கேள்வி போடுவீர்களா’ என்று கேட்டால் அவரால் மறுநாளே செய்ய முடியும். தொகுதிக்கு ஐந்து பேர் இருப்பது இங்கே ஒரு வசதி. ஐவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினோம், ஐவருக்கும் போயிருக்கிறது என்று அடியில் குறிப்பிட்டு. இருவர் பதில் போட்டார்கள். ஒருவர் கேள்வி போடுவதாகச் சொன்னார். மற்ற மூவருக்கும் 30 நாள் கழித்து ஒரு நினைவூட்டு. அதில் முதல் கடிதத்தின் தேதியை மட்டும் எழுதுங்கள், கோபத்தை எழுதாதீர்கள். லண்டன் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுவது தனிக் கடிதம். அங்கே கேட்க வேண்டியது அந்த வெற்றிடத்தைப் பற்றி: ஒருமித்த கருத்து வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எந்தப் பத்தி?

போய்ப் பாருங்கள்

ஊர்க்காரர்களே பலர் உள்ளே போனதில்லை. நகரத்திலிருந்து ஜி1 என்ற ஊதா நிறப் பேருந்து நியூட்டனார்ட்ஸ் சாலை வழியாகப் போய், சட்டமன்றக் கட்டடம் உள்ள ஸ்டார்மண்ட் வாசலில் விடும். 60 வயதானவருக்கு அங்கே பேருந்து இலவசம், வசிப்பவராக இருந்தால். நான் விருந்தாளி, காசு கொடுத்துத்தான் போனேன். வாசலிலிருந்து கட்டடம் வரை நேரான ஏற்றம், நடுவில் கையை ஓங்கிய பழைய யூனியனிஸ்ட் தலைவர் கார்சனின் சிலை. மூட்டு வலி உள்ளவர்கள் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்து போகலாம். கட்டடத்தின் அகலம் 365 அடி, வருஷத்தில் நாளுக்கு ஓர் அடி. திங்கள், செவ்வாயில் சபை கூடும். பார்வையாளர் மாடத்தில் உட்காரலாம். அமைச்சரவை கூடுவது இங்கே இல்லை, பக்கத்தில் ஸ்டார்மண்ட் கோட்டையில். அதற்குள் நமக்கு அனுமதி கிடையாது. பூட்டுகள் பாதிக்கு மேல் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

நான் போன அன்று மாடத்தில் என்னைச் சேர்த்து ஆறு பேர். கீழே மீன்பிடிப் படகுகள் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு வேலை பாக்கி. இந்திய, இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால், முறையான விசாவில் அங்கே வசித்தால் எல்லாத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். இது தெரியாமல் பத்து வருஷம் இருந்தவர்களை எனக்குத் தெரியும். என் மாப்பிள்ளை அதில் ஒருவர். பெயரைத் தனித்தனியாகப் பதிய வேண்டும், குடும்பத்துக்கு ஒன்று என்று கிடையாது. ஓட்டுச் சாவடியில் படம் போட்ட அடையாளம் கேட்பார்கள். ஏற்கும் வகை எதுவும் இல்லாவிட்டால் தேர்தல் அலுவலகம் இலவசமாக ஓர் அட்டை தரும். சட்டமன்றத் தேர்தலில் ஓட்டு, ஒரு பெயருக்கு நேரே குத்துவது அல்ல. 1, 2, 3 என்று வரிசை எழுத வேண்டும். அடுத்த சட்டமன்றத் தேர்தல் 2027 மே மாதம். என் நோட்டில் ‘அடுத்த நினைவூட்டு’ என்ற கட்டத்தில் அதைத்தான் எழுதியிருக்கிறேன், பென்சிலில்.